வாரேன்னு சொல்லு

"…அதனால சொல்லிக்கிறாம எந்திரிச்சுப் போயிருங்க தம்பி. துக்க வீட்டுல 'வாரேன்'னு சொல்லக் கூடாது" என்றார் பாக்கியம் அக்கா. பாளையம்பட்டி மனவளர்ச்சி குன்றியோர் இல்லத்தில் வெகுகாலமாகச் சமைப்பவர். இந்த இல்லத்திலேயே வாழ்ந்து இறந்துபோன முத்தையா அண்ணனின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

என் அம்மாவும் அக்காவோடு இங்கே சமைத்தவள்தான். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே இங்கு வந்துவிடுவேன். அண்ணன் அப்போதே வளர்ந்த ஆள். எந்நேரமும் கேட் தாழ்ப்பாளைப் பிடித்திருப்பதால் உள்ளங்கையில் துரு வாடை அடிக்கும். அவரைக் கொண்டுவந்து விட்ட அப்பா, மகன் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியவர்; திரும்பி வரவே இல்லை. அதிலிருந்து, 'வாரேன்' சொல்லாத யாருக்கும் அண்ணன் கேட்டைத் திறப்பதில்லை.

தண்ணி லாரி டிரைவர் ஒருநாள், "போறேன்லே, என்ன செய்வ?" என்று சீண்டினார். அண்ணன் லாரிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "சரி சாமி, வாரேன்!" என்ற பிறகுதான் எழுந்தார். மறுபடி லாரி வந்தபோது, "வந்துட்டாக! வந்துட்டாக!" என்று கைதட்டி எல்லாரையும் கூப்பிட்டார்.

நான் வாய் திறக்காமல் எழுந்தேன். வீட்டுக்குக் கிளம்பிய அக்காவும் பின்னாலேயே வந்து தாழ்ப்பாளில் கை வைத்தார். இழுக்கவில்லை. படம் இருந்த பக்கம் திரும்பி, "முத்தையா, வாரேன்யா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் கேட்டைத் திறந்தார்.