காரணம் என்ற கட்டம்

பிணவறை அலுவலகத்தில் தட்டச்சு செய்பவளுக்கு 'நோண்டி அக்கா' என்று யார் பெயர் வைத்தார்களோ, சரியாகத்தான் வைத்திருந்தார்கள். இறந்தவரின் பெயர், வயது, முகவரி என்று படிவம் கேட்பதோடு நிறுத்திக்கொள்ள அவளால் முடியாது. "அந்த நிமிஷம் என்ன பண்ணிட்டு இருந்தாங்க?" என்று தானாக ஒன்றைக் கேட்டுவைப்பாள். அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. அலுவலகப் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வாள். பிறகு டாக்டர் சொல்வதைத் தட்டச்சு செய்வாள். இருபது வருஷமாக அப்படித்தான்.

அன்று காலை எதிரே உட்கார்ந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். முந்தின நாள் தையல் ஆலையில் விழுந்து இறந்தவளின் தங்கை. அக்காவுக்கு இருபத்தெட்டுதான், தலைவலி என்றுகூடப் படுத்ததில்லையாம்.

"அந்த நிமிஷம் என்ன பண்ணிட்டு இருந்தாங்கம்மா?"

"தைச்சுக்கிட்டுதான் இருந்தாளாம். சாப்பாட்டு பெல் அடிச்சிருக்கு. எழுந்தவ அப்படியே சரிஞ்சுட்டா." தங்கை கைப்பையின் வாரை முறுக்கினாள். "எங்கண்ணனும் இப்படித்தான்க்கா போனான். மூணு வருஷமாச்சு. காலையில அலாரம் அடிச்சுது, அவன் எழுந்திருக்கவே இல்ல. திடீர்னு பெல் அடிச்சா எனக்கும் கண்ணு இருட்டிக்கிட்டு வரும். ரெண்டு தடவை விழுந்திருக்கேன். பயந்தாங்கொள்ளின்னு அம்மா திட்டுவாங்க."

அண்ணனின் அறிக்கையை நீட்டினாள். வயது இருபத்து மூன்று. காரணம்: மாரடைப்பு. அடியில் தட்டச்சு செய்தவரின் சுருக்கொப்பம். நோண்டி அக்காவுடையதேதான்.

அலமாரியைக் குடைந்து அலுவலகப் பிரதியை எடுத்தாள். ஓரத்தில் அவளுடைய பென்சில் எழுத்து: 'அலாரம் அடித்ததும்.' ஆத்திரம் பொங்கி வந்தது, முதலில் தன்மேலேயே.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "அக்கா, அந்தத் தையல்காரப் பொண்ணுக்கு எழுதிக்குங்க. காயம் எதுவும் இல்லை. இதய ரத்தக்குழாய்ல அடைப்பு இல்லை. இதயத்தசை நல்லா இருக்கு. காரணம், மாரடைப்பு."

அவள் விரல்கள் நின்றன. "எல்லாம் நல்லா இருக்குன்னு இப்பத்தானே சொன்னீங்க? அப்புறம் எப்படி சார் மாரடைப்பு?"

"இதயம் நின்னுபோச்சு இல்ல?"

"நேத்து பஸ் மோதி வந்தவருக்கும்தான் நின்னுபோச்சு. அவருக்கு ஏன் மாரடைப்புன்னு போடல?"

டாக்டர் சிரித்துவிட்டார். "தெரியலைன்னு எழுதினா மேலேர்ந்து திரும்பி வரும்க்கா. விளக்கம் கேப்பாங்க. நான் உக்காந்து கட்டுரை எழுதணுமா?"

"எழுதுங்க சார்! வெளியில ஒருத்தி உக்காந்திருக்கா. மூணு பிள்ளைங்கள்ல மிச்சம் அவதான். மாரடைப்புன்னு போட்டா கதை முடிஞ்சுது, அவளை எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். தெரியலைன்னு போட்டாத்தான் தேடுவாங்க." தங்கை சொன்னதை எல்லாம் படபடவென்று கொட்டி, பழைய பிரதியை அவர்முன் வைத்தாள். விசைப்பலகையை அவர் பக்கம் திருப்பினாள். "நான் அடிக்க மாட்டேன். நீங்களே அடிங்க."

வாயால் எத்தனையோ தடவை சொன்ன சொல். விரலால் அடிக்க வரவில்லை. டாக்டர் 'மா' என்று அடித்தார், அழித்தார். பென்சில் குறிப்பை இரண்டு முறை படித்தார்.

"இதை அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல. நானும் சொல்லல. ரெண்டு பேரும் சேர்ந்துதான் சார் இந்தத் தையல்காரப் பொண்ணை அனுப்பி வெச்சிருக்கோம்."

டாக்டர் ஒற்றை விரலால் தட்டினார்: காரணம் கண்டறியப்படவில்லை. பரம்பரை இதயத்துடிப்புக் கோளாறாக இருக்கலாம். தங்கைக்கு உடனே இதயப் பரிசோதனை தேவை. பிறகு, மரபணுச் சோதனைக்கு இறந்தவளின் உடலிலிருந்து ரத்தம் எடுத்துவைக்க உள்ளே போனார்.

அன்றே தங்கையின் இ.சி.ஜி. தாளைப் பார்த்த இதய மருத்துவர் அவளை வீட்டுக்கே அனுப்பவில்லை. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்ததற்குத் தயாராக அதிக நேரம் எடுத்துக்கொண்டது. அப்படிப்பட்ட இதயம் திடீர்ச் சத்தத்தில் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம் என்றார். மாத்திரை தொடங்கினார்கள். வீட்டிலிருந்த அலாரத்தை அம்மாவே தூக்கி எறிந்தாள்.

நோண்டி அக்காவுக்கு ஆறவில்லை. மாத்திரை! தினமும் தண்ணீரோடு விழுங்கும் மாத்திரை. அதை மூன்று வருஷத்துக்கு முன்பே தையல்காரிக்கும் கொடுத்திருக்கலாம்.

மறுநாள் மதியம் அலமாரியின் முதல் தட்டிலிருந்த கோப்புகளைத் தரையில் இறக்கினாள். நாற்பதுக்குக் கீழே வயது, அடைப்பு இல்லாத ரத்தக்குழாய், மாரடைப்பு. பதினேழு பேர் தேறினார்கள். பதினேழிலும் அவளுடைய சுருக்கொப்பம்.

டாக்டர் எட்டிப்பார்த்தார். "சாப்பிடலையாக்கா?"

அவள் எட்டுக் கோப்புகளை அவர் பக்கம் தள்ளினாள். "இது உங்க பங்கு. வீட்டு போன் நம்பர் எல்லாத்துலயும் இருக்கு. அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி யார் யார் இருக்காங்கன்னு கேளுங்க." தன் பங்கில் முதலாவதைத் திறந்து, போனை எடுத்தாள்.