மருந்து அடித்த மறுநாள் காலை

பாலக்கோடு பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் பதினேழு வருஷம் சூப்பர்வைசராக இருந்தேன். இப்போது பாலிஹவுஸ், அதாவது பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்ட வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தச் சம்பவத்தைத்தான்.

அந்த வருஷம் கோடை முன்னதாகவே வந்துவிட்டது. பிளாஸ்டிக் ஷீட்டுக்குக் கீழே வெக்கை தாங்காது. இலைப்பேன் பூச்சி விழுந்து, இதழ் ஓரமெல்லாம் கருகியது. பெங்களூர் வியாபாரி இரண்டு முறை லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"இன்னொரு தடவ திரும்பி வந்தா பண்ணைய மூட வேண்டியதுதான். இன்னிக்கி சாயங்காலம் மருந்து அடி. காலையில கட்டிங் எடு."

"சார், இந்த மருந்து அடிச்சா ரெண்டு நாள் உள்ள போகக்கூடாதுங்க. டப்பாவுலயே போட்டிருக்கு."

"ரெண்டு நாள்ல மொட்டு விரிஞ்சிரும். அப்புறம் யாரு வாங்குவா?"

அவர் சொன்னதும் பொய்யில்லை. அந்த வெயிலில் மொட்டு ஒரு நாள்கூட நிற்காது. அன்று சாயங்காலமே மருந்து அடிக்க வைத்தேன். மறுநாள் காலை ஆறரை மணிக்குக் கதவைத் திறந்து பன்னிரண்டு பெண்களை உள்ளே அனுப்பியது நான்தான்.

ராஜம்மா மட்டும் வாசலில் தயங்கினாள். பூ வெட்டுவதில் அவள்தான் எல்லோரையும்விட வேகம்.

"அண்ணா, வாசன ஒரு மாதிரி அடிக்குதே, போலாமுங்களா?"

"காத்து போக சைடு திரையெல்லாம் சுருட்டி வுட்டாச்சும்மா. துணிய மூக்குல கட்டிக்க" என்றேன்.

ஒன்பது மணிக்குச் செடி வரிசைக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். வாயில் எச்சில் ஒழுகியது. வாந்தி எடுத்தாள். பண்ணை வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழியில் முதலாளி போன் செய்தார்.

"வெயில்ல மயங்கி வுழுந்துட்டாங்கன்னு சொல்லு. மருந்துப் பேச்சே வேணாம்."

என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டார். "வெயிலுங்க" என்றேன். குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் கண்ணில் டார்ச் அடித்து, பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கியிருந்ததைப் பார்த்த டாக்டர் நேராக என்னிடம் வந்தார்.

"பொய் சொன்னா இவங்க செத்துருவாங்க. என்ன மருந்து அடிச்சீங்க?"

சொன்னேன். அதற்குள் முக்கால் மணி நேரம் போயிருந்தது.

ராஜம்மா பிழைத்துக்கொண்டாள். கை நடுக்கம் நிற்கவில்லை. மூன்று மாதம் கழித்து வேலைக்கு வந்து பார்த்தாள். கத்தரி கையில் நிற்கவில்லை, விரலெல்லாம் முள் குத்தி ரத்தம்.

"வூட்டுல சோறு பெசையக்கூட வரமாட்டேங்குதுண்ணா" என்றாள். மதியமே கிளம்பிவிட்டாள். பிறகு வரவேயில்லை.

அன்று வெட்டிய லோடும் திரும்பித்தான் வந்தது. அடுத்த கோடையில் பண்ணையையும் மூடிவிட்டார்கள்.

பூ வீணாகும் என்று உங்களிடமும் சொல்வார்கள். வீணாகட்டும். டப்பாவில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதோ, அத்தனை நாள் கதவைத் திறக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால் முதல் கேள்விக்கே மருந்தின் பேரைச் சொல்லிவிடுங்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த முக்கால் மணி நேரத்தில்தான் அவள் கை போனதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டாக்டரிடம் கேட்கும் தைரியமும் வரவில்லை.