கிணற்றில் இறங்கிய இசோபே

கதை விட எனக்கு நேரமில்லை. ஒசாகா நிப்பொம்பாஷியில் பழைய வீடியோ கேம் கடை வைத்திருக்கிறேன். காலை பதினொன்றிலிருந்து இரவு எட்டு வரை கேம் கேசட் துடைப்பதும் விலைச்சீட்டு ஒட்டுவதும், வாங்காமல் பேச மட்டும் வருகிறவர்களோடு மல்லுக்கட்டுவதுமாகவே பொழுது போய்விடும். யாராவது பேய் என்று ஆரம்பித்தால், "டீ ஆறுது, குடிச்சுட்டுக் கிளம்பு" என்று சொல்கிற ஆள் நான். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன். போன ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி, பட்டப்பகலில், என் கடை மாடியில் இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

என் பெயர் நவோயே. வயது ஐம்பத்தொன்று. இசோபே என் பள்ளித் தோழன், நகர ரயில் ஓட்டுகிறவன். எங்கள் இருவருக்கும் எண்பதுகளில் வந்த ஃபாமிகாம் கேம் பெட்டி மேல் பைத்தியம். அதிலும் ஊர் கொண்டாடிய ஆட்டங்கள் மேல் இல்லை. அவற்றைப் பற்றி எழுத ஊரே இருக்கிறது. யாரும் திரும்பிப் பார்க்காத ஆட்டங்கள்தான் எங்களுக்கு வேண்டும். ஒரு மணி நேரம் தூண்டில் போட்டால் ஒரே ஒரு மீன் கடிக்கும் ஆட்டம் ஒன்று உண்டு. மழையில் நனையாமல் கடிதம் கொடுக்க வேண்டிய தபால்காரர் ஆட்டம் ஒன்று உண்டு. அவற்றுக்குள் எவ்வளவு அழகு இருக்கிறது தெரியுமா? அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரர்கள் பத்து நிமிடம் ஆடிவிட்டு மட்டமான மதிப்பெண் போட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"யாரும் பாராட்டாத ஐம்பது" என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தோம். நாற்பத்தொன்பது முடிந்துவிட்டது. எங்களுக்கு ஒரே ஒரு விதி. முடிவு வரை நம் கையால் ஆடிப் பார்க்காத ஆட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதக் கூடாது.

ஐம்பதாவது, "கிணற்றாள்".

ஃபாமிகாமின் இரண்டாவது கன்ட்ரோலரில் ஒரு குட்டி மைக் உண்டு. அதில் பேசினால் நம் குரல் டிவியில் கேட்கும். பெரும்பாலான ஆட்டங்களுக்கு அது தேவையே இல்லை. "கிணற்றாள்" முழுக்க முழுக்க அதை நம்பியே இருக்கும். முதல் ஆட்டக்காரர் கிணற்றுக்குள் இறங்க வேண்டும். இரண்டாமவர் மேலே நின்று மைக்கில் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் இறங்கியவன் கையிலிருக்கும் விளக்கு எரியும். கூப்பிடாமல் விட்டால் அணைந்துவிடும், ஆள் கீழேயே தங்கிவிடுவான். வீட்டுக்குள் பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்த வேண்டிய ஆட்டத்தை எந்த அம்மா வாங்கிக் கொடுப்பாள்? விற்கவே இல்லை. அதன் முடிவைப் பார்த்த ஒருவரைக்கூட நாங்கள் சந்தித்ததில்லை.

அன்று ஓபோன் கடைசி நாள். மூன்று நாள் வீட்டுக்கு வந்து தங்கிய இறந்தவர்களை, மாலையில் வாசலில் தீ மூட்டி வழியனுப்புவோம். கடைக்கு விடுமுறை. இசோபே ஒரு மணிக்கே வந்துவிட்டான். பின்னாலேயே அவன் மனைவி கயோ போன் செய்தாள்.

"அக்கா, அவர அஞ்சு மணிக்குள்ள அனுப்பி வச்சிடுங்க. மாமாவ வழியனுப்பணும். மூத்த புள்ள இல்லாம எப்படி?"

"அனுப்புறேன் கயோ. நான் பொறுப்பு."

"நீங்க ரெண்டு பேரும் உக்காந்தா கடிகாரமே கண்ணுக்குத் தெரியாது. அதான் பயமா இருக்கு."

"அதான் நான் பொறுப்புன்னு சொல்லிட்டேனே."

மாடியில் எப்போதும் மாட்டி வைத்திருக்கும் பழைய ஃபாமிகாமில் கேசட்டைச் செருகினேன். மணி 2:10. வெளியே சிள்வண்டுகளின் இரைச்சல். மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"உனக்குன்னே செஞ்ச கேம் இது," என்றான் இசோபே. "நீ கத்தினா பக்கத்து வகுப்பு வாத்தியாரே எந்திரிச்சு நிப்பாரு."

"பேசாம இறங்கு."

திரையில் ஒரு சின்ன மனிதன். முதுகு மட்டும் தெரிந்தது. கயிற்றைப் பிடித்து இறங்க ஆரம்பித்தான். மூலையில் ஆழத்தைக் காட்டும் எண் ஓடியது. பத்து... பதினைந்து... நான் மைக்கில் "இசோபே" என்று கூப்பிட்டேன். டிவியில் "இசோபே" என்று கேட்டது. விளக்கு பிரகாசமானது. சிரித்துக்கொண்டே ஆடினோம். அரை மணி நேரத்தில் அறுபதைத் தாண்டிவிட்டோம்.

2:46. ஏதோ இடித்தது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. மைக் என்றால் அறையில் இருக்கும் எல்லாச் சத்தத்தையும் இழுத்துக்கொள்ளும். மின்விசிறி, சிள்வண்டு, எல்லாம் டிவியில் இரைய வேண்டும். இரையவில்லை. என் குரல் மட்டும் தனியாக, சுத்தமாகக் கேட்டது.

நல்ல மைக் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முட்டாள்தனம்.

2:58. பார்லித் தண்ணீர் குடிக்கக் கோப்பையை எடுத்தேன். வாயில் தண்ணீர். டிவியில் என் குரல்.

"இசோபே..."

"ம், இறங்குறேன்," என்றான் அவன்.

தண்ணீரை விழுங்கினேன். "நான் கூப்பிடல."

அவன் திரும்பவில்லை.

"இசோபே, நான் கூப்பிடலன்னு சொல்றேன்."

அவன் கட்டைவிரல் கீழ்ப் பொத்தானை அழுத்தியபடியே இருந்தது. எண்பத்தேழு... எண்பத்தெட்டு... கிணற்றுச் சுவரின் நிறம் போய்விட்டது. வெறும் கறுப்பு. அதில் அந்த முதுகும், ஒரு புள்ளி வெளிச்சமும் மட்டும்.

"இன்னும் கொஞ்சம்..." என்றது டிவி. என் குரல்தான். ஆனால் நான் யாரிடமும் அவ்வளவு கனிவாகப் பேசியதே கிடையாது.

அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். சட்டைக்குள் தோள் சில்லென்று இருந்தது. வெளியே முப்பத்தாறு டிகிரி வெயில். அவன் கண் இமைக்கவில்லை. கன்ட்ரோலரைப் பிடுங்கப் பார்த்தேன். விரல்களைப் பிரிக்க முடியவில்லை.

மின்சாரத்தை நிறுத்தலாம் என்று எழுந்து, ஒயரில் கை வைத்தேன்.

"நிறுத்திப் பாரு," என்றது என் குரல். "இவன் கீழதான் இருக்கான்."

கையை எடுத்துவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நிமிடம் அவனை அப்படியே விட்டுவிட்டுப் படியிறங்கி ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கயோவிடம் நான் பொறுப்பு என்று சொன்னது ஞாபகம் வந்தது. மறுபடி உட்கார்ந்தேன்.

மைக்கை வாயோடு ஒட்டிவைத்து, "இசோபே, மேல வா" என்று கத்தினேன்.

டிவியில் அது கேட்கவில்லை.

மீண்டும் கத்தினேன். கேட்கவில்லை. விளக்கு மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது.

கன்ட்ரோலரைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒரு வெள்ளைச் சீட்டு. என் கையெழுத்து. ஐந்து வருடத்துக்கு முந்தைய தேதி. "மைக் ஒயர் வெட்டியது."

எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். பழைய மைக் பழுதாகி டிவியில் கொர்ரென்று இரையும். யாரும் அதைப் பயன்படுத்துவதும் இல்லை. அதனால் திறந்து ஒயரை வெட்டிவிடுவோம். இந்த மைக்கையும் வெட்டியவள் நானேதான். அடியோடு மறந்துபோனேன்.

அப்படியென்றால்... 2:10 மணியிலிருந்து டிவியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தது யார்?

3:21. திருப்புளியை எடுத்தேன். ஆறு ஸ்க்ரூ. மூன்றாவது கைநழுவி உருண்டு போனது. சால்டரிங் அயர்னைச் சொருகினேன். சூடேற நான்கு நிமிடம் ஆகும்.

நூற்றுப் பதினெட்டு...

"ஏன் இந்த அவசரம்?" என்றது டிவி.

ஒயரின் முனையை உரித்தேன்.

"வேற வேலை இல்லையா உனக்கு?"

3:25. ஈயம் உருகவில்லை.

"வாய மூடிட்டு உக்காரு. இவன் எனக்கு."

3:27. உருகியது. ஒயரைப் பிடித்திருந்த கட்டைவிரல் மேலேயே அயர்ன் பட்டது. கருகிய வாடை வந்தது. கையை எடுக்கவில்லை. எடுத்தால் ஒட்டாது.

ஒட்டியது.

திடீரென்று டிவியில் மின்விசிறி இரைந்தது. சிள்வண்டு இரைந்தது. என் மூச்சு இரைந்தது.

"இசோபே! கயோ காத்துட்டு இருக்கா! மேல வா!"

விளக்கு குப்பென்று எரிந்தது.

"இசோபே! இசோபே!"

நிறுத்தாமல் கூப்பிட்டேன். எத்தனை முறை என்று தெரியாது. தொண்டையில் ரத்தச் சுவை வரும்வரை கூப்பிட்டேன்.

3:34. கறுப்புக்குள் ஏதோ அசைந்தது.

கயிறு ஆடியது.

சின்ன மனிதன் ஏறி வந்தான்.

இந்த முறை முதுகு இல்லை. முகம். நம்மைப் பார்த்தபடியே, கைமேல் கைவைத்து... எண் குறைந்துகொண்டே வந்தது. நூறு... அறுபது... பத்து...

பூஜ்யம்.

திரை நின்றது. பக்கத்தில் இசோபே நீளமாக ஒரு மூச்சு விட்டான். விரல்கள் தளர்ந்தன. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான்.

"வந்துட்டேன்," என்றான்.

நான் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். நாற்பது வருடப் பழக்கத்தில் அப்படி அழுதது அன்றுதான். அவன் கிண்டல்கூடச் செய்யவில்லை. 4:40க்கு நானே டாக்ஸி பிடித்து ஏற்றிவிட்டேன்.

6:20க்கு கயோ போன் செய்தாள்.

"அக்கா, அங்க ஏதாச்சும் சண்டையா?"

"இல்லையே. ஏன்?"

"வந்து ஒரு மணி நேரமாச்சு. வாசல்லயே நிக்கிறாரு. தீயெல்லாம் மூட்டியாச்சு, மாமாவ அனுப்பியாச்சு. இவரு மட்டும் உள்ள வரமாட்டேங்கிறாரு."

"என்ன சொல்றான்?"

"நீ பேர் சொல்லிக் கூப்பிடு, அப்பத்தான் வருவேங்கிறாரு. இருபது வருஷமா இல்லாத கூத்து."

"கூப்பிடு," என்று சொன்னேன். அலுப்பில் ஏதோ விளையாடுகிறான் என்று நினைத்தேன். வெயிலில் வந்த மயக்கம், என் கற்பனை, இரண்டும் சேர்ந்துதான் மதியம் நடந்தது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். புத்தகத்துக்கு ஐம்பதாவது ஆட்டத்தின் முடிவும் கிடைத்துவிட்டது.

எழுதும் முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் முகாசா என்ற பெரியவர் ஒருவர்தான் உயிரோடு இருக்கிறார். வயது எழுபத்தொன்பது. தேடிப் பிடித்து அவருக்கு ஒரு கடிதம் போட்டேன். முடிவில் அந்த மனிதன் முகம் காட்டி ஏறிவரும் படம் அற்புதம், அதை யார் வரைந்தது என்று கேட்டிருந்தேன்.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி பதில் வந்தது. அரைப்பக்கம்தான்.

"தங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்த ஆட்டத்துக்கு முடிவு கிடையாது. கேசட்டில் இடம் போதவில்லை, எங்களுக்கு நேரமும் போதவில்லை. அந்த மனிதனுக்கு முதுகு மட்டுமே வரைந்தோம். முகம் வரையவில்லை. மேலே ஏறும் படமும் வரையவில்லை. மைக்குக்கு வார்த்தை புரியாது, சத்தம் மட்டுமே தெரியும். சத்தம் வந்தால் விளக்கு எரியும், அவன் இன்னும் கீழே இறங்குவான். அந்த ஆட்டத்தில் யாரும் மேலே வர வழியே இல்லை."

ஒயரை ஒட்டிய பிறகு நான் கூப்பிட்டது ஒவ்வொன்றும் அவனை இன்னும் கீழே அனுப்பியிருக்கிறது. தொண்டை கிழிய, நிறுத்தாமல், நானே அனுப்பியிருக்கிறேன்.

கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது எதிர் நாற்காலியில் இசோபே உட்கார்ந்திருந்தான். இப்போதெல்லாம் தினமும் வருகிறான்.

"என்ன எழுதிருக்காரு பெரியவரு?"

"ஒண்ணுமில்ல. நலம் விசாரிச்சிருக்காரு."

"அப்படியா," என்றான். கண் இமைக்காமல் என்னைப் பார்த்தான். "இன்னொரு தடவ ஆடுவோமா? இந்தத் தடவ நீ இறங்கு. நான் கூப்பிடுறேன்."

எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். கேசட்டைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டேன். உடைத்துப் போடத் துணிவில்லை, உள்ளே இருப்பது யார் என்று எனக்குத் தெரியும். கயோவிடம் மட்டும் இதுவரை சொல்லவில்லை. அவள் ஒவ்வொரு நாள் மாலையும் வாசலுக்கு வந்து, அதை இசோபே என்று கூப்பிட்டு வீட்டுக்குள் அழைத்துக்கொண்டு போகிறாள்.