பிரேக் இல்லாத படகின் கோடு

பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுத்த எங்கள் குப்பத்துப் பெண் நான் ஒருத்திதான். அந்தப் பெருமை இயற்பியலில் கவிழப் பார்த்தது. தேர்வில் மறுபடியும் கோட்டை விட்டதும், திங்கட்கிழமை அப்பாவைக் கூட்டி வா, வணிகவியலுக்கு மாற்றிவிடலாம் என்றார் மிஸ். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பாவப்பட்டுச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எல்லாம் ஒரு திசைவேகம்-நேரம் வரைபடத்தால் வந்தது. ஒரு வண்டி புறப்பட்டு, வேகம் கூடி, சிறிது நேரம் ஒரே வேகத்தில் ஓடி, பிறகு சீராக வேகம் குறைந்து நிற்கிறது, வரைக. மற்றவர்கள் கடைசியில் நேராக இறங்கும் சாய்கோடு போட்டிருந்தார்கள். என் கோடு சடாரென்று விழுந்து, பிறகு இழுத்துக்கொண்டே போய், ஒருவழியாக அடிக்கோட்டைத் தொட்டது. மிஸ் அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருந்தார்.

பழவேற்காடு ஏரியில் வளர்ந்தவளுக்கு வண்டி என்றால் படகு. படகுக்கு ஏது பிரேக்? கரைக்கு வெகு முன்னாலேயே நைனா, அதாவது என் அப்பா, எஞ்சினை நிறுத்திவிடுவார். மிச்ச தூரம் படகு தானாக வந்து சேரும். நிற்பது என்றால் எனக்கு அதுதான். கேள்வியில் இருந்த 'சீராக' என் கண்ணிலேயே படவில்லை.

தப்பு எங்கே என்று தெரியாமல் விடுவதாக இல்லை. பிடிவாதம் எங்கள் வீட்டுச் சொத்து. மறுநாள் விடியற்காலையில் நைனாவோடு படகில் போனேன். திரும்பும்போது வேகம் காட்டும் ஆப்பைப் போனில் திறந்து வைத்தேன். அவர் எஞ்சினை நிறுத்தியதிலிருந்து எண்களைப் பேனாவால் கையிலேயே எழுதினேன். முழங்கை வரை எண்கள்.

பள்ளிக்கூட பஸ்ஸில் உட்கார்ந்து வரைபடத்தாளில் புள்ளிகளை இணைத்தால், அதே வளைகோடு. அப்போதுதான் எனக்கு விளங்கியது. படகு எங்கே இருக்கிறது என்று கோடு சொல்லவில்லை, வேகம் எப்படி மாறுகிறது என்று சொல்கிறது. அது எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அதுதான் முடுக்கம். சீராகக் குறைந்தால் சாய்வு மாறாது, நேர்கோடு வரும். தண்ணீரின் இழுப்போ வேகம் குறையக் குறையத் தானும் குறையும். அதுவரை முடுக்கம் எனக்கு வெறும் மனப்பாடம்.

மிஸ் தாளைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். இரண்டு கோடுகளையும் கரும்பலகையில் போடச் சொன்னார். படகின் கோட்டில் வேகம் எந்த இடத்தில் அதிகமாகக் குறைகிறது என்று கேட்டார். எஞ்சின் நின்ற இடத்தில் சாக்பீஸை வைத்தேன்.

"இங்க மிஸ். வேகமா போறப்பதான் தண்ணி ஜாஸ்தியா புடிச்சி இழுக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வுட்டுடும்."

மதிப்பெண் தரவில்லை, கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லையே. ஆனால் என் பிரிவை மாற்ற வேண்டாம், அப்பாவும் வர வேண்டாம் என்றார். பலகையின் ஓரத்தில் 'அழிக்காதே' என்று எழுதினார். அன்று நான் தரையில் நடக்கவில்லை.

வீட்டில் நைனாவிடம் எல்லாம் சொன்னேன். திங்கட்கிழமை எங்களுக்குப் பாடு. ஏரியில் நல்ல இடங்களில் வலை போட எங்கள் குடும்பங்கள் முறை வைத்துக்கொள்வதைத்தான் பாடு என்போம். விட்டால் மறுபடி முறை சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். நிம்மதியாகப் பாட்டுக்குப் போங்கள் என்றேன்.

திங்கட்கிழமை காலை பஸ் நிறுத்தத்தில் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றிருந்தார். மிஸ் வர வேண்டாம் என்றார்களே என்றேன்.

"அது உன்ன மாத்தறதுக்கு. நான் என் படகப் பாக்க வர்றேன்."

மணி அடிப்பதற்கு முன் பலகையின் எதிரே நின்றார். படுத்திருக்கும் கோடு நேரம், நிமிர்ந்திருக்கும் கோடு வேகம் என்று நான் சொல்லச் சொல்ல, கோடு கலையாமல் விரலை ஒட்டியும் ஒட்டாமலும் அதன் மேலேயே கொண்டுபோனார். அடிக்கோட்டைத் தொடும் இடத்தில் விரல் நின்றது.

"இங்கதான் நான் படகக் கட்ட கயிறு போடுவேன்."

பாடு போன கவலை அந்த முகத்தில் துளியும் இல்லை. மிஸ் சாக்பீஸை எடுத்து, அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் 'கயிறு' என்று எழுதினார்.