பூஜைக்கு முந்தின மாத்திரை

1. மூன்றாவது தடவை

சிவராம ஐயரை மூன்றாவது தடவையாக ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தபோது என் டியூட்டி அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஈர வேட்டி, நெற்றியில் பாதி அழிந்த விபூதி. பிரஷர் மிகவும் தாழ்ந்திருந்தது, சுகரும் குறைவு. ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டு டிரிப் ஏற்றினோம். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார்.

“கோயில் நடை சாத்தாம வந்துட்டேன் சிஸ்டர். யாரையாவது அனுப்பணும்” என்றார். பிழைத்தவர் கேட்ட முதல் விஷயம் இது.

திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் எண்டோகிரைன் பிரிவில்தான் என் வேலைக் காலத்தில் பெரும்பகுதி கழிந்தது. ஹார்மோன் கோளாறுகளுக்கான பிரிவு. “சுரப்பிக்கு வைத்தியம் பார்க்கிற இடம்” என்று என் மாமியாரிடம் சொன்னேன். “அதுக்குன்னு தனியா ஒரு ஆஸ்பத்திரியா?” என்று கேட்டவர், கடைசி வரை அதை நம்பவில்லை. எனக்கு ஊர் நாகர்கோவில் பக்கம். அதனால் போனக்காடு எஸ்டேட்டிலிருந்து வருகிறவர்கள், கோட்டைக்குள் அக்ரகாரத்துக்காரர்கள் என்று தமிழ் பேசும் நோயாளிகளை எல்லாம் என் பக்கம் தள்ளிவிடுவார்கள். ஐயர் அப்படி வந்தவர்தான்.

2. ஓரத்தில் நின்றவர்கள்

அவர் கிழக்கேகோட்டையில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலில் பூஜை செய்கிறவர். அவருடைய வியாதியை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் அல்ல, புகார். நேரே நிற்கிறவர்களுக்கு மட்டும் பிரசாதம் தருகிறார், ஓரத்தில் நிற்கிறவர்களைக் கண்டுகொள்வதே இல்லை, ஆள் பார்த்துத்தான் கொடுக்கிறார் என்று கோயில் கமிட்டிக்குப் புகார் போனது. கமிட்டி அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. “ஓரத்துல யாரும் நிக்கல்லையே” என்றார். திமிர் என்று முடிவு கட்டினார்கள்.

அவர் மனைவி விசாலம் மாமிதான் சந்தேகப்பட்டு கண் டாக்டரிடம் அழைத்துப் போனாள். இரண்டு பக்கத்து ஓரப் பார்வையும் போயிருந்தது. ஸ்கேனில் பிட்யூட்டரியில் கட்டி. மூளைக்கு அடியில் பயறு அளவில் இருக்கிற சுரப்பி அது. கட்டி வளர்ந்து மேலே போகும் கண் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. மூக்கு வழியாக ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ஓரத்தில் நிற்பவர்கள் திரும்பக் கிடைத்தார்கள். சுரப்பி திரும்பக் கிடைக்கவில்லை.

பிட்யூட்டரி உத்தரவு போட்டால்தான் அட்ரினல் சுரப்பி கார்டிசால் சுரக்கும். மனிதன் காலையில் எழுந்து நிற்பதற்கே அது வேண்டும். சுரக்காதவர்கள் ஆயுசு முழுக்க மாத்திரையாகப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று, முதல் மாத்திரை எழுந்தவுடன். இதை அவருக்குத் தமிழில் சொன்னது நான்தான். தலையாட்டினார்.

3. ஒரு நாளும் விட்டதில்லை

எங்கள் டாக்டர் மேடத்துக்கு ஊர் கொல்லம். தமிழ் நோயாளிகளிடம் தமிழ்தான் பேசுவதாக அவருக்கு நினைப்பு.

“சாமி, சத்தியம் பறையணும். மருந்து முடங்கியோ?”

“ஒரு நாளும் விட்டதில்லை மேடம்.”

மாமியும் சாட்சி சொன்னாள். மூன்று மாத்திரையும் தினமும் உள்ளே போகிறது, ஆளும் மாதம் தவறாமல் விழுகிறார். குடலில் ஏறவில்லையோ என்றோம். மாத்திரை போலியோ என்றோம். கட்டி மறுபடி வளர்ந்ததோ என்று இன்னொரு ஸ்கேன். எல்லாம் சுத்தம்.

அட்மிட் ஆன மறுநாள் விடிந்ததும் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“வெச்சுட்டுப் போங்கோ. ஜபம் ஆகட்டும்.”

“எவ்வளவு நேரமாகும் சாமி?”

“இங்கே என்ன, இப்ப ஆயிடும். கோயில்னா உச்சி பூஜை முடிஞ்சு பதினோரு மணி ஆயிடும்.”

“வீட்டில எப்ப எந்திப்பீங்க?”

“மூணரை.”

அந்த டம்ளரை நான் இன்னும் கையில் வைத்திருந்தேன். பூஜை முடியாமல் பல்லில் தண்ணீர்கூடப் படக்கூடாது. அது அவர் வீட்டில் யாரும் சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் இல்லை, அதனால் யாரும் சொல்லவும் இல்லை. முதல் மாத்திரை பதினோரு மணிக்கு. மூன்றரையிலிருந்து பதினொன்று வரை உடம்பில் கார்டிசால் என்று ஒன்று கிடையாது. அந்த நேரத்தில் கிணற்றில் தண்ணீர் இறைத்து, கல்லில் நின்று, அபிஷேகம் செய்துகொண்டிருந்திருக்கிறார். மாதத்துக்கு ஒரு தடவைதான் விழுந்தார் என்பதே ஆச்சரியம்.

4. வழக்கு

மேடம் ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார். “சாமி, ஜோலி விட்டேக்கூ.”

“மருந்துக்காக பூஜையை விடணும்னா மருந்தை விட்டுடறேன்.”

“விட்டால் மரிக்கும்.”

“சரி.”

இந்த ‘சரி’யைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. வராந்தாவுக்கு வந்து மாமியிடம் கொட்டினேன். மாமி அழவில்லை. “அவர் சும்மா சொல்லல்லை சிஸ்டர். செஞ்சுடுவார். நான் தனியா ஆயிடுவேன்” என்றாள். அதற்கு மேல் எனக்குக் கோபப்படத் தெரியவில்லை. பயமாக இருந்தது.

உள்ளே போய் வாதாடிப் பார்த்தேன். “சாமி, நோயாளி மருந்து சாப்பிட சாஸ்திரத்துல விலக்கு உண்டுல்லா?”

“உண்டு. நான் நோயாளி இல்லையே. அதான் ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சே.”

மேடம் வேறு வழியில் வந்தார். “சாமி, இது மருந்தே அல்ல. சரீரத்தில் தானே உண்டாகுந்ந சாமான். அவ்வளவே உள்ளூ.”

ஐயர் யோசித்தார். “மருந்து இல்லேன்னா ஆகாரம். ஆகாரம்னா பூஜைக்கு முன்னாடி கூடவே கூடாது.”

மேடம் என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன்.

கதவோரம் நின்ற மாமி உள்ளே வந்தாள். “ஏன்னா, பூஜைக்கு முன்னாடி எச்சில் முழுங்கறேளா இல்லையா?”

“அது உடம்புல ஊறறது.”

“இதுவும் ஊறவேண்டியதுதான். உங்களுக்கு ஊறல்லை. கடையிலே வாங்கி ஊற வெக்கறா. அவ்வளவுதானே மேடம்?”

“அவ்வளவே உள்ளூ” என்றார் மேடம், அவசரமாக.

ஐயர் கூரை ஃபேனைப் பார்த்தார். அது சுற்றவில்லை. பிறகு, “ஸ்நானம் பண்ணிட்டுத்தான்” என்றார்.

“குளிச்சுட்டே முழுங்குங்கோ. ஆனா எழுந்ததும் முதல் காரியம் ஸ்நானம்” என்றாள் மாமி. மேடம் உடனே சம்மதித்தார். எந்த மருத்துவப் புத்தகத்திலும் இந்த ஒப்பந்தம் இல்லை.

டிஸ்சார்ஜ் அன்று மாமிக்கு அவசர ஊசி போடப் பழக்கினேன். ஜுரம் வந்தால் டோஸை இரட்டிப்பாக்கணும், வாந்தி வந்து மாத்திரை தங்காவிட்டால் ஊசி போட்டுவிட்டு நேரே இங்கே வரணும் என்றேன். “ஊசி போட்டா நான் மறுபடி குளிக்கணுமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன், எந்த அதிகாரத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

5. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு

அதற்குப் பிறகு யாரிடமும் நான் “மருந்து சாப்பிட்டீங்களா” என்று மட்டும் கேட்டதில்லை. எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், வாயில் முதலில் என்ன போகும், அதற்கு முன்னால் என்னென்ன ஆகவேண்டும் என்று கேட்பேன். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடவேண்டிய தைராய்டு மாத்திரையை, போனக்காட்டுப் பெண் ஒருத்தி பாலில்லாத கட்டன் சாயாவோடு முழுங்குவது அப்படித்தான் தெரிந்தது. இது மருந்து விஷயம் இல்லை, ஊர்வம்பு என்று ஜூனியர் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கேட்கவும் செய்யட்டும்.

ஐயர் பிறகு ஸ்ட்ரெச்சரில் வரவில்லை. செக்கப்புக்கு நடந்து வருவார்.

ரிட்டயர் ஆன பிறகு ஒரு விடியற்காலை அந்தக் கோயிலுக்குப் போனேன். நல்ல கூட்டம். வேண்டுமென்றே ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். தீபாராதனை ஆனதும் ஐயர் தட்டோடு வெளியே வந்தார். நேரே நின்றவர்களைக் காக்கவைத்துவிட்டு முதலில் என் பக்கம்தான் திரும்பினார். விரல் என் கையில் படாமல் விபூதியை மேலேயிருந்து போட்டார். உதடு அசையாமல் மெல்ல, “மாத்திரை ஆச்சு” என்றார்.

பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்த்தார். “சாமி உங்களுக்கு மட்டும் என்னமோ மந்திரம் சொன்னாரே?”

“ஆமா” என்று சொல்லிவிட்டு விபூதியை இட்டுக்கொண்டேன்.