அவிழ்த்த கட்டுமரம்

ராயபுரம் கடற்கரை. என் கேமராவில் ஒரே ஒரு படத்துக்குத்தான் கண்ணாடி பிளேட் பாக்கி. அது மாலை டோல்கேட் பொதுக்கூட்டத்தில் பேசப்போகும் மந்திரிக்கு. ஆனாலும் இப்போது கரையேறிய கட்டுமரம் ஆசை காட்டுகிறது. கேமராவை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் கட்டுமரத்தைக் காணோம். மணலில் நான்கு கட்டைகள் தனித்தனியாகக் கிடக்கின்றன.

"இன்னா நைனா, முழிச்சிகினு கீறே? தெனம் அவுத்துக் காயப்போடுவோம். இல்லாங்காட்டி மரம் தண்ணிய குடிச்சி கனத்துப் பூடும்" என்கிறார் மீனவர்.

என் முகத்தைப் பார்த்தவர், அத்தனை களைப்பிலும் கட்டைகளைச் சேர்த்து மீண்டும் கட்டுகிறார். எனக்காக இதுவரை யாரும் ஒரு படகைக் கட்டியதில்லை. ஈரக் கயிற்றை இறுக்கும் அந்தக் கைகளின் படத்துக்கே கடைசி பிளேட்டைக் கொடுத்துவிடுகிறேன்.

மாலை, மேடையில் மந்திரி என்னைப் பார்த்துக் கைகூப்பிச் சிரிக்கிறார். காலி கேமராவுக்குப் பின்னால் நின்று, "இன்னும் கொஞ்சம் சிரியுங்கள், ஐயா" என்கிறேன்.