கைக்கு எட்டும் இடம்

நெட்டையனின் கை நெஞ்சுக்குப் போனது. அங்கே கத்தி இல்லை. விரல்கள் லைஃப் ஜாக்கெட்டின் தடித்த நுரையைக் கிள்ளின. மறுபடியும் கிள்ளின. கத்தி அதற்கு அடியில் பத்திரமாக இருந்தது.

"என்ன நெட்டை, நெஞ்சு வலியா?" என்றார் படகின் டிரைவர்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லோர் கையிலும் உருவிய கத்தி இருந்தது. நெட்டையன் மட்டும் வெறுங்கையோடு நின்றான்.

அந்தப் படகில் அது ஒரு வழக்கம். கரையிலிருந்து கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் டிரைவர் ஒரு தடவை கைதட்டுவார். உடனே எல்லோரும் கத்தியை உருவிக் காட்ட வேண்டும். வலை கடலுக்குள் ஓடும்போது அதன் கயிறு யார் காலிலாவது சுற்றிக்கொண்டால், படகு நிற்பதற்குள் ஆள் தண்ணீருக்குள் போய்விடுவான். வெட்டிக்கொண்டால் தப்பலாம். மடக்குக் கத்தி அங்கே செல்லாது. அதை விரிக்க இரண்டு கை வேண்டும். அந்த நேரத்தில் ஒரு கை எதையாவது பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும்.

நெட்டையனின் கத்தி வருஷக்கணக்காக வலது இடுப்பின் பின்பக்கம் இருந்தது. இந்த வருஷம் வலது தோள் இறுகிவிட்டது. முழங்கை மடங்கும், விரல் பிடிக்கும், ஆனால் கை பின்னால் போகாது. காலையில் சட்டைக்குள் கையை நுழைத்துவிடுவதே மனைவிதான். சில வாரங்கள் ஏமாற்றிப் பார்த்தான். டிரைவர் வருவதற்கு முன்பே கத்தியை இடது கையால் பாதி இழுத்து, வலது கைக்குக் கொடுத்து வைத்துக்கொள்வான். பிறகு அவனுக்கே பயம் வந்தது. டிரைவர் கைதட்டுவது முன்கூட்டியே தெரியும். கயிறு கைதட்டிவிட்டு வராது.

கத்தியை இடது இடுப்பில் வைத்தான். வலை ஓடுகிற பக்கம் அது. வலைக்கண் பிடியில் மாட்டி இழுத்தது. பூட்சுக்குள் வைத்தான். குனிந்து எடுப்பதற்குள் விடிந்துவிடும் போலிருந்தது. கழுத்தில் கட்டித் தொங்கவிட்டதைப் பார்த்து மனைவி, "தூக்குக் கயித்தையும் நீங்களே கொண்டு போறீங்களா?" என்று கேட்டாள். தோலுறை நனைந்ததும் உப்பிக் கத்தியைக் கவ்விக்கொண்டது. கடைசியில் ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாயை அடுப்பில் வாட்டி, காகிதம் சுற்றிய கத்தியை அதற்குள் செருகி, பலகையால் அழுத்தி உறை செய்தான். வீடு முழுக்க நாற்றம். மனைவி இருமிக்கொண்டே ஜன்னலைத் திறந்து வைத்தாள். உறை நன்றாக அமைந்தது. தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் கத்தி விழவில்லை, இழுத்தால் வந்தது. அதை ரப்பர் ஏப்ரனின் இடது தோள்பட்டியில், பிடி கீழே வரும்படி கட்டினான். முழங்கையை மடக்கினால் போதும், பிடி கைக்கு வந்தது. வீட்டில் ஒவ்வொரு தடவையும் வந்தது. வீட்டில் யாரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு திரிவதில்லை.

டிரைவர் அவன் தோளையே பார்த்தார். "கை பின்னால போகலன்னு எனக்கும் தெரியும். நீயே சொல்லுவன்னு இருந்தேன்."

நெட்டையன் கையை இறக்கிக்கொண்டான்.

"இன்னைக்கு மீன் பெட்டிப் பக்கம் நில்லு. கயித்துப் பக்கம் வராத. நாளைக்கும் கத்தி வரலன்னா ஐஸ் கொட்டகைக்குப் போயிரு. உன்னைத் தண்ணிக்குக் குடுத்துட்டு நான் உன் வீட்டு வாசல்ல வந்து நிக்க முடியாது."

கரையில் மீனுக்கு ஐஸ் போடும் அந்தக் கொட்டகை மனைவியின் தம்பியான மச்சினன் பொறுப்பில் இருந்தது. மதியம் படகு திரும்பியதும் அவனே எதிரில் வந்தான். சேதி அதற்குள் கரை முழுக்கப் பரவியிருந்தது.

"மாமா, உங்களுக்கு ஒரு நாற்காலி தொடைச்சு வெச்சிருக்கேன். கை ஆடுற நாற்காலிதான். உங்களுக்குப் பொருத்தமா இருக்கும்."

"நீயே உக்காரு. உனக்குத்தான் நிக்கற வேலை ஆகாது."

"கோவிச்சுக்காதீங்க மாமா. அக்காதான் கேக்கச் சொல்லுச்சு."

மனைவி கேட்கச் சொன்னது நெட்டையனுக்குப் புதுச் செய்தி.

வீட்டுக்கு வந்து, அதைப் பற்றி எதுவும் கேட்காமல், லைஃப் ஜாக்கெட்டைச் சமையலறைத் தரையில் போட்டான். மனைவி பை தைக்கும் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். முகம் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உறையை ஜாக்கெட்டின் மேலேயே, இடது நெஞ்சில், வலை நூலால் கட்டினார்கள். அவன் போட்டுக்கொண்டு நின்றான். கத்தி வந்தது. மறுபடியும் வந்தது.

"நின்னுக்கிட்டே எடுத்தா ஆச்சா? கால்ல கயிறு மாட்டினா நிக்கவா போறீங்க?" என்றாள். துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துவந்து அவன் கணுக்காலில் சுருக்குப் போட்டு, சொல்லாமல் கொள்ளாமல் இழுத்தாள்.

தடாலென்று உட்கார்ந்தான். ஜாக்கெட் மோவாய் வரைக்கும் ஏறிவிட்டது. கத்தியும் கூடவே ஏறிவிட்டது. கை பழைய இடத்தில் துழாவிக்கொண்டிருந்தது.

"போயாச்சு. மீன் தின்னாச்சு," என்றாள்.

அவனுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்தான். அவளும் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி உட்கார்ந்தாள்.

"ஐஸ் கொட்டகைக்குப் போனா என்ன?"

"உன் தம்பிகிட்ட கை கட்டி நிக்கணும்."

"அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

"அதுக்குத்தான் சொல்றேன். சும்மா உக்கார வெச்சிருவான். ஒரு தடவ உக்காந்துட்டா நான் எந்திரிக்க மாட்டேன். எனக்குத் தெரியும்."

அவள் எழுந்துபோய்த் தன் பையிலிருந்து ஒரு நாடாவை எடுத்துவந்தாள். பைக்குக் கைப்பிடி வைக்கிற தடித்த நாடா. அதன் ஒரு முனையை ஜாக்கெட்டின் கீழ் ஓரத்தில் தைத்து, மறுமுனையில் பெல்ட் நுழைகிற அளவுக்கு ஒரு வளையம் வைத்து, அதை அவன் இடுப்பு பெல்ட்டில் கோத்தாள்.

"இப்ப ஏறாது. எந்திரிங்க."

எழுந்தான். இழுத்தாள். விழுந்தான். ஜாக்கெட் அசையவில்லை. கத்தி கைக்கு வந்தது. அவள் பிடித்திருந்த கயிற்றை அறுத்தான். அவள் பின்பக்கம் சாய்ந்து அடுப்பு மேடையில் இடித்துக்கொண்டாள்.

"கத்தி வரக் கூடாதுன்னுதான் நெனச்சுக்கிட்டே இழுத்தேன்," என்றாள் முழங்கையைத் தேய்த்தபடி.

"தெரியும். அப்புறம் ஏன் தச்சுக் குடுத்த?"

"நீங்க தச்சா கோணலாப் போகும்."

மறுநாள் காலையில் டிரைவர் கைதட்டினார். கத்தி கைக்கு வந்தது. டிரைவர் நாடாவை இழுத்துப் பார்த்துவிட்டு, "கயித்துப் பக்கம் போ," என்றார். காற்று இருந்தது. வலை இறங்கியது, ஏறியது. யார் காலிலும் எதுவும் மாட்டவில்லை. மீன் அதிகமில்லை. இழுக்கும்போது தோள் வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். மதியம் கரைக்கு வந்தார்கள். பெட்டிகளை இறக்கினார்கள், தளத்தைக் கழுவினார்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வலது தோளில் பாரம் படாமல் இடது பக்கமாகப் படுத்தான்.